பெட்டியில் வந்த பழங்காசு: விற்பதும் சான்றிதழ் வாங்குவதும்

காசு சேர்ப்பவர் தம் நாணயத்தை விற்கும்போது, அது என்ன வகை, எந்த விலைக்கு வாங்கியது, சந்தையில் எவ்வளவு அரிது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வாரிசாகப் பெற்றவருக்கு இவை எதுவும் தெரியாது. தாத்தாவின் பெட்டியிலிருந்தோ பாட்டியின் சுருக்குப்பையிலிருந்தோ எடுத்த காசுடன் அவர் கடைப்படி ஏறும்போது, வாங்குபவருக்கு எல்லாம் தெரியும், விற்பவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை. இழப்பு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. சான்றிதழ் இந்தக் குறையைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று. ஆனால் எல்லாக் காசுக்கும் அது தேவைப்படாது. சில காசுகளுக்குச் சான்றிதழ்ச் செலவு காசின் விலையையே தாண்டிவிடும். இந்தியாவில் வேறு சில காசுகளைச் சான்றிதழுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதே குற்றமாகும்.

பெட்டியில் என்ன இருக்கும்?

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வழிவழியாக வரும் காசுகளில் பெரும்பாலானவை சில வகைகளுக்குள் அடங்கும். முதலாவது, ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய். 1835இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது முதல் 1939 வரை இதன் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெள்ளி முற்றிலும் போய் நிக்கல் ரூபாய் வந்தது.

இரண்டாவது, தங்கப் பவுன். 7.988 கிராம் எடையுள்ள 22 காரட் பிரிட்டிஷ் சவரன் இது. நகைக்கடையில் எட்டு கிராமை ஒரு பவுன் என்று சொல்லும் வழக்கம் இந்தக் காசிலிருந்து வந்ததுதான். பம்பாய் நாணயச்சாலை 1918ஆம் ஆண்டில் மட்டும் சவரன் அடித்தது. அவற்றில் பொறித்த குதிரையின் காலடியில், ஆண்டுக்குச் சற்று மேலே, ‘ஐ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். அதே ஆண்டில் அதே நாணயச்சாலையில் பதினைந்து ரூபாய்த் தங்கக் காசும் வெளியானது.

மூன்றாவது, அதற்கும் முந்தைய உள்ளூர்க் காசுகள். சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைபெறுமுன் வராகனும் பணமும் காசும் புழங்கின. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. புதுக்கோட்டை அம்மன் காசு, சோழர் காலச் செப்புக் காசு ஆகியவையும் சில வீடுகளில் உண்டு. இவை தவிர, சுதந்திரத்துக்குப் பின் வெளியான பைசாக்களும் நினைவு நாணயங்களும் ஏராளம்.

முதல் வேலை, இவற்றை வகை பிரித்துப் பட்டியல் இடுவது. ஆட்சியாளர் பெயர், மதிப்பு, ஆண்டு, உலோகம், எடை, குறுக்களவு, நாணயச்சாலைக் குறி ஆகியவற்றை எழுதி, தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சமையலறைத் தராசு போதாது. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு வேண்டும். சுதந்திர இந்தியக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. சேர்த்துவைத்தவர் உறைமேல் எழுதிய குறிப்பு, பழைய ரசீது, கடிதம் ஏதேனும் இருந்தால் அதைக் காசோடு சேர்த்தே வைக்க வேண்டும். காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நல்ல ஏலத்தில் அதற்கும் விலை உண்டு.

பழமை வேறு, அருமை வேறு

காசு எவ்வளவு பழையதோ அவ்வளவு விலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழையது. ஆனால் தமிழகத்திலும் இலங்கையிலும் அது ஏராளமாகப் புழங்கியதால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. சாதாரண நிலையில் உள்ள ஒன்றுக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை. ஒரு பக்கம் தேவியின் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல்லும் கொண்ட அம்மன் காசும் அப்படியே. புதுக்கோட்டை அரண்மனையில் நவராத்திரி தோறும் வழங்கப்பட்ட காசு அது.

இதற்கு மாறாக, வெறும் ஓர் ஆண்டு எண் விலையை மாற்றிவிடுவதும் உண்டு. ஆறாம் ஜார்ஜ் உருவமுள்ள, 1939 ஆண்டிட்ட வெள்ளி ரூபாய் அப்படிப்பட்டது. வெள்ளி அளவு குறைக்கப்படுவதற்கு முந்தைய கடைசி ஆண்டு அது. இன்று மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. மற்றொன்று 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னர் அணிந்த அங்கியில் பொறித்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. வெளியீட்டை நிறுத்தி, அடித்த காசுகளில் பெரும்பகுதியை உருக்கினார்கள். 1912 முதல் துதிக்கை தெளிவாகத் தெரியுமாறு யானையைத் திருத்தி அமைத்தார்கள். அதனால் ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் பெற்ற 1911ஆம் ஆண்டுக் காசு, அடுத்த ஆண்டுக் காசைவிட விரும்பித் தேடப்படுகிறது.

அரிய வகை எது, சாதாரண வகை எது என்பதை அறிய அச்சிட்ட விலைப்பட்டியல்கள் உதவும். கிராவுசே, மிஷ்லர் இருவர் பெயரால் வழங்கும் உலக நாணயப் பட்டியலின் எண்களையே இன்றும் வணிகர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆனால் பட்டியலில் அச்சான விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவுகளில், அதே வகை, அதே நிலையில் உள்ள காசு அண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவுகோல்.

எந்த விலைக்கும் அடித்தளம் உலோகம். ஒரு பழைய வெள்ளி ரூபாயில் சுமார் 10.7 கிராம் தூய வெள்ளி உள்ளது. அன்றைய வெள்ளி விலையை அதோடு பெருக்கினால் வருவது அந்தக் காசின் குறைந்தபட்ச மதிப்பு. நகைக்கடை தருவது இதையோ, சேதாரம் கழித்து இதற்குக் கீழோதான்.

துலக்கிய காசு

ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஒரே வகை. ஆனாலும் இரண்டு காசுகள் பத்து மடங்கு விலை வேறுபாட்டில் விற்கலாம். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் நிலை: தேய்மானம், கீறல், மேற்பரப்பின் இயல்பான பொலிவு. புழக்கத்துக்கே வராத காசை ‘யு.என்.சி.’ என்றும், சிறிதே தேய்ந்ததை ‘எக்ஸ்.எஃப்.’ என்றும், மிதமாகத் தேய்ந்ததை ‘வி.எஃப்.’ என்றும் வணிகர்கள் வகைப்படுத்துவார்கள்.

வாரிசுகள் செய்யும் பெருந்தவறு, விற்பதற்கு முன் காசைத் துலக்குவது. செம்புக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி என்பது வீட்டு வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. காசைப் பொறுத்தவரை, தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அச்சடித்தபோது உண்டான பொலிவு போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெள்ளியில் படிந்த கருமையும் செம்பில் படிந்த பழுப்பும் அழுக்கு அல்ல. உலோகம் காலப்போக்கில் தானே போர்த்திக்கொண்ட மேற்பூச்சு. சேகரிப்பவர்கள் விரும்புவது அதைத்தான். காசை விளிம்பில் பிடித்து எடுப்பதும், மென்மையான பி.வி.சி. பைகளில் வைக்காமல் இருப்பதும் போதும். அந்தப் பைகளிலிருந்து கசியும் பொருள் காசின்மேல் பச்சையாகப் படியும்.

காசுமாலையிலும் பதக்கத்திலும் கோத்த பவுன்களின் நிலை வேறு. வளையம் பற்றவைத்த இடத்தில் சூடும் பற்றாசும் பட்டிருக்கும். மேல் எழுத்துகள் தேய்ந்திருக்கும். வளையத்தை வெட்டி எடுத்தாலும் வடு மறையாது. மிக அரிய ஆண்டாக இருந்தாலன்றி அப்படிப்பட்ட காசு தங்கத்தின் விலைக்கே போகும். அதற்குச் சான்றிதழ் வாங்குவதில் பயனில்லை.

அசலா, போலியா?

வார்ப்பில் செய்த போலியில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியும், மேற்பரப்பில் நுண்ணிய குழிகளுடனும், விளிம்பில் கோடு ஓடியும் இருக்கும். எடை குறைந்தோ கூடியோ இருக்கும். வெள்ளியும் தங்கமும் காந்தத்தில் ஒட்டாது. இவற்றைவிட உறுதியானது அடர்த்திச் சோதனை. தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துச் சுழியாக்கி, நூலில் கட்டிய காசை அடியைத் தொடாமல் அமிழ்த்தினால் தராசு ஓர் எடையைக் காட்டும். காசின் எடையை அதனால் வகுத்தால் வருவது அடர்த்தி. 1939 வரையான வெள்ளி ரூபாய்க்கு அது சுமார் 10.3 வர வேண்டும், 11.66 கிராம் காசுக்குத் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். பித்தளைமேல் வெள்ளி முலாம் பூசிய காசு இந்தச் சோதனையில் பிடிபட்டுவிடும்.

ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவங்களுடன் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’ என்பது போன்ற வாசகம் கொண்ட பித்தளை வில்லைகள் பல வீடுகளில் உள்ளன. இவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை என்று வதந்தி அடிக்கடி எழும். கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை; இவை பூசைக்கும் நினைவுக்குமாகப் பிற்காலத்தில் அடித்த வில்லைகள். தெய்வ உருவம் இருப்பதாலேயே ஒரு கம்பெனிக் காசு பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையில் கம்பெனி வெளியிட்ட வராகன்களில் தெய்வ உருவங்கள் உண்டு. அவை சிறிய தங்கக் காசுகள். கம்பெனிக் காலக் காசுகளின் அச்சைக் கொண்டு நாணயச்சாலைகளே பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்துக் கொடுத்ததும் உண்டு. இவை போலி அல்ல, மூலமும் அல்ல, விலையும் வேறு. இந்த நுட்பங்களைப் பிரித்தறிய அனுபவப்பட்ட கண் தேவை.

அனுபவப்பட்ட கண்ணும் தவறலாம். அமெரிக்காவின் 1913ஆம் ஆண்டு ‘லிபர்ட்டி’ ஐந்து சென்ட் நாணயங்கள் உலகில் ஐந்தே உள்ளன. அவற்றில் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன் என்ற சேகரிப்பாளர் 1962இல் கார் விபத்தில் இறந்தார். அந்தக் காசு ஆண்டு மாற்றிய போலி என்று சொல்லிக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய சகோதரி அதை அலமாரியில் பல்லாண்டு பத்திரமாக வைத்திருந்தார். 2003இல் பால்ட்டிமோரில் நடந்த நாணயக் கண்காட்சிக்கு மற்ற நான்கும் வந்திருந்தபோது, வாரிசுகள் இதையும் கொண்டுபோனார்கள். வல்லுநர்கள் ஐந்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, இதுவும் அசல் என்று உறுதி செய்தார்கள். 2013இல் அது 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நாற்பது ஆண்டுகளாகக் காசில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது அதைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. சான்றிதழ் எதை விற்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சான்றிதழ் என்பது என்ன?

வாங்குபவரும் விற்பவரும் சாராத மூன்றாவது தரப்பு, காசு அசல் என்று உறுதி செய்து, அதன் நிலைக்கு ஓர் எண் இட்டு, திறந்தால் தடம் தெரியும்படியான பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருவதே இன்றைய நாணயச் சான்றிதழ். வணிகர்கள் இதை ‘ஸ்லாப்’ என்பார்கள். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. இரண்டும் இதில் முன்னணி நிறுவனங்கள். தரம் 1 முதல் 70 வரை. அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோல் இது. 60உம் அதற்கு மேற்பட்டவையும் புழக்கம் காணாதவை.

துலக்கிய, சுரண்டிய, வளையம் பற்றவைத்த காசுக்கு எண் கிடைக்காது. அசல்தான், ஆனால் சேதமுற்றது என்ற குறிப்போடு திரும்பி வரும். அப்படி வரும் காசு, சான்றிதழ் இல்லாதபோது கேட்ட விலைக்குக்கூடப் போகாமல் நிற்கலாம். கட்டணம் செலுத்தி, காசின் குறையை எழுத்தில் வாங்கியதாக அது முடியும். சான்றிதழும் போலியாக வருவதுண்டு. ஆகவே பேழையில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பதிவோடும் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

எப்போது வாங்கலாம்?

சான்றிதழ் காசின் அருமையைக் கூட்டுவதில்லை. அது அசலா, எந்த நிலையில் உள்ளது என்ற ஐயத்தை மட்டும் நீக்குகிறது. அந்த ஐயத்தால் விலையில் எவ்வளவு குறைகிறதோ, அதைவிடச் செலவு குறைவாக இருந்தால் மட்டுமே சான்றிதழ் லாபம்.

ஓர் உத்தேசக் கணக்கு இதை விளக்கும். ஒரு காசு சான்றிதழ் இல்லாமல் 3,000 ரூபாய்க்குப் போகும், சான்றிதழோடு 4,000 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம், போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆனால் மிஞ்சுவது நஷ்டம். இன்னொரு காசு சான்றிதழ் இல்லாமல் 40,000, சான்றிதழோடு 80,000 என்றால் அதே செலவு பெரிதல்ல. மேலும் பல நிறுவனங்கள் காசின் விலை ஏற ஏறக் கட்டணத்தையும் ஏற்றுகின்றன. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதன்படி, போலிகள் மலிந்த அரிய காசு, புழக்கம் காணாத நிலையில் உள்ள காசு, வெளியூர் வாங்குபவர் நேரில் பார்க்காமல் ஏலம் கேட்கக்கூடிய காசு ஆகியவற்றுக்குச் சான்றிதழ் பயன்படும். 1939 ரூபாய் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தேய்ந்த விக்டோரியா ரூபாய், அம்மன் காசு, நினைவு நாணயம், காசுமாலைப் பவுன் ஆகியவற்றுக்குத் தேவையில்லை. சங்ககால, சோழர்கால செப்புக் காசுகளைப் பொறுத்தவரை, 70 புள்ளி அளவுகோலைவிட அந்தத் துறையில் தேர்ந்த ஒருவரின் கருத்துக்கே மதிப்பு அதிகம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சிதைந்த காசுகளில் தேடப்படுவது பொலிவு அல்ல, எழுத்தும் சின்னமும்தான்.

எதுவானாலும், சான்றிதழுக்கு அனுப்புமுன் ஒன்றுக்கு மேற்பட்ட வணிகர்களிடமோ நாணயவியல் கழகத்தாரிடமோ காட்டிக் கருத்துக் கேட்பது நல்லது. ஒருவரே மதிப்பிட்டு, அவரே வாங்கவும் முன்வந்தால் அந்த மதிப்பீட்டை மட்டும் நம்ப முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு தென்னாட்டின் பழமையான தொகுப்புகளுள் ஒன்று. அந்த அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் 1890இலேயே கம்பெனிக் காசுகளுக்கு விரிவான பட்டியல் வெளியிட்டார்.

நூறாண்டு என்ற எல்லை

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திரும்பி வரப்போகிற காசுதானே என்று 1911 ரூபாயை அமெரிக்காவுக்குப் பார்சல் போடுவதும் இதில் அடங்கும். 1939 ரூபாய் இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை. ஆனால் ஆண்டுதோறும் புதிய காசுகள் எல்லைக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. எனவே நூறாண்டு கடந்த காசுக்கு உள்நாட்டிலேயே கிடைக்கும் தரச்சான்று, ஏல நிறுவனத்தின் எழுத்து உறுதி ஆகியவையே வழி. உள்நாட்டில் தம் காசை விற்க இச்சட்டம் தடை விதிப்பதில்லை. தொல்பொருளை வணிகமாக வாங்கி விற்பவருக்குத்தான் உரிமம் வேண்டும்.

மண்ணில் கிடைத்த காசு வாரிசுச் சொத்து அல்ல. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததைத் தாத்தா சொத்து என்று விற்பது சிக்கலில் முடியும்.

எங்கே விற்பது?

வழிகள் நான்கு. நகைக்கடையில் பணம் உடனே கிடைக்கும். உலோக விலை மட்டுமே கிடைக்கும். நாணய வணிகர் அதைவிடக் கூடுதலாகத் தருவார். அவர் மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும் என்பதால் சந்தை விலை முழுவதையும் தரமாட்டார். நாணயக் கண்காட்சிகளில் சேகரிப்பாளரிடமே நேராக விற்கலாம்; அதற்குப் பொறுமையும் விலை பற்றிய அறிவும் வேண்டும். அரிய காசுக்கு ஏற்றது ஏலம். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நகரங்களில் நாணய ஏலத்துக்கென்றே நிறுவனங்கள் உள்ளன. காசை ஒப்படைக்குமுன் கமிஷன் எவ்வளவு, எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது, காப்பீடு யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் வரும், விற்காவிட்டால் கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். எடையும் படமும் குறித்த ரசீது இல்லாமல் எந்தக் காசையும் கைவிடக்கூடாது.

பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம் தருவதாகச் சமூக ஊடகங்களில் வரும் விளம்பரங்கள் மோசடி. பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று முதலில் விற்பவரிடமிருந்தே பணம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் இப்படிப் பயன்படுத்தியதால், பழைய காசு வாங்குவதிலும் விற்பதிலும் தனக்குத் தொடர்பே இல்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது.

பங்கும் வரியும்

உயிலில் ஒருவர் பெயருக்கு எழுதியிருந்தாலன்றி, பெட்டியில் உள்ள காசு வாரிசுகள் அனைவருக்கும் பொது. பட்டியலைப் பகிர்ந்து, எழுத்துச் சம்மதம் பெற்ற பிறகு விற்றால் பின்னால் தகராறு வராது. வாரிசாகப் பெறுவதற்கு வருமான வரி இல்லை; விற்கும்போது வரும் ஆதாயத்துக்கு வரி வரலாம். நகையும் தொல்பொருள் தொகுப்பும் வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகக் கொள்ளப்படுபவை. முன்னோர் வாங்கிய விலையும் வைத்திருந்த காலமும் வாரிசின் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாக இருந்தால் அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். 2024 ஜூலை 23 முதல், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த இத்தகைய சொத்தின் ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். பெரிய தொகைக்கு விற்பவர் விற்பனை ரசீதையும், மதிப்பீட்டு எழுத்தையும் ஆடிட்டரிடம் காட்டிக் கணக்கு எழுதிக்கொள்வது பாதுகாப்பு.